கம்ப்யூட்டருக்கு ஓர் இழை படையல்

இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கிய கையோடு நான் சேர்ந்த ஆய்வகத்தில் எனக்குக் கிடைத்த முதல் வேலை, ஒரு பிளாஸ்டிக் கூடை நிறையக் கிடந்த ஃபிளாப்பிகளில் எது யாருடையது என்று கண்டுபிடிப்பது. படிகங்களுக்குள் அணுக்கள் எப்படி அடுக்கி நிற்கின்றன என்று ஐந்து வருஷம் மூளையைக் கசக்கியவள் நான். கூடையைப் பார்த்ததும் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ஒரு ஃபிளாப்பியின் மேல் ‘முக்கியம்’ என்று எழுதியிருந்தது. இன்னொன்றில் ‘மிக முக்கியம்’. இரண்டும் காலியாக இருந்தன.

ஆய்வகம் சரவணம்பட்டியைத் தாண்டி, ஒரு நூற்பாலைக்கும் சோளக்காட்டுக்கும் நடுவில் இருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கம். எங்கள் பிரிவின் வேலை பருத்தி இழையின் வலுவை அளப்பது. ஒரே ஓர் இழையை இடுக்கியால் பிரித்தெடுத்து, வரைபடத் தாளில் வெட்டிய சின்னச் சட்டத்தின் நடுவில் ஒட்டி, கருவியில் மாட்டி, இரண்டு பக்கமும் மெதுவாக இழுக்க வேண்டும். எந்த இடத்தில் அறுகிறதோ அதுதான் அந்த இழையின் வலு. ஒரு பஞ்சு மாதிரிக்கு ஐம்பது இழைகள். அறுந்த இழை அறுந்ததுதான், மறுபடி அளக்க முடியாது.

அளப்பதில் குறையில்லை. கணக்குப் போடுவதில்தான் ஆளுக்கொரு வழி. ஒவ்வொருவரும் தனக்கென்று ஒரு புரோகிராம் எழுதி வைத்திருந்தார்கள். ஒருவருடைய புரோகிராம் பாதியில் நின்றால் அன்றைய அளவுகள் மொத்தமும் போய்விடும். இன்னொருவருடையது சராசரியை முழு எண்ணாக வெட்டிவிடும். ஒரே பஞ்சுக்கு மூன்று பேர் மூன்று வலு சொன்னார்கள். நான் பிரிவுத் தலைவரிடம் போய், இது ஆராய்ச்சியா அல்லது ஜோசியமா என்று கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொள்ளும் வழக்கமே அவருக்கு இல்லை.

“நீங்க சொல்றதும் சரிதானுங்க அம்மணி. அப்ப எல்லாத்துக்கும் பொதுவா நீங்களே ஒண்ணு எழுதிக் குடுத்துருங்க” என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில் என் தொழில் மாறிவிட்டது. அணுக்கள் அடுக்கி நிற்பது அப்படியே நிற்கட்டும் என்று விட்டுவிட்டு எட்டு மாதம் உட்கார்ந்து புரோகிராம் எழுதினேன். கருவியையும் கம்ப்யூட்டரையும் ஒரு கம்பியால் இணைத்தேன். இழை அறுந்த கணமே அளவு டிஸ்க்கில் பதிந்துவிடும், மின்சாரம் போனாலும் அதுவரை எடுத்தது போகாது. ஒவ்வோர் அளவுக்கும் பக்கத்தில் தேதியும் நேரமும் தானாக விழும். சனிக்கிழமைதோறும் இரண்டு பிரதிகள். எல்லோருக்கும் ஒரே கணக்கு. எனக்கு அதில் இருந்த பெருமையைச் சொல்லி மாளாது. கம்ப்யூட்டர் என்னவோ பழையதுதான், உள்ளே கடிகாரம்கூடக் கிடையாது. அதைப் போடும்போதெல்லாம் அது நம்மிடம் இன்றைக்கு என்ன தேதி, மணி என்ன என்று கேட்கும். எப்படிப் பதில் தட்ட வேண்டும் என்று ஒரு தாளில் அழகாக எழுதித் திரைக்கு மேலே ஒட்டியும் வைத்தேன்.

அந்தப் புரோகிராமை நாள் முழுக்க ஓட்டியவர்கள் இரண்டு பெண்கள். ஒருவர் கருவியை இயக்கும் உதவியாளர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், எல்லோருக்கும் அக்கா. வருஷம் முழுக்க நெகமம் கைத்தறிப் பருத்திச் சேலைதான், வேறு சேலையில் நான் அவரைப் பார்த்ததில்லை. இன்னொருவர் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த ஆய்வு மாணவி. கல்யாணமானவள். அவிநாசியிலிருந்து இரண்டு பஸ் மாறி, எட்டரை மணிக்கெல்லாம் வந்துவிடுவாள். உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு சோதனை வயலில் இரண்டு பருத்தி ரகங்களைக் கலந்து ஒரு புது ரகம் வளர்த்திருந்தார்கள். அந்தப் புது ரகத்தின் இழை தன் தாய் ரகத்தைவிட வலுவானதா, வலுவானது என்றால் ஏன் என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி.

இவர்களிடம் நான் வாரத்துக்கு ஒரு முறையாவது கேட்பேன்.

“புரோகிராம் எப்படி இருக்கு?”

“நெம்ப நல்லா இருக்குதுங்க மேடம்.”

“ஏதாவது தொந்தரவு?”

“ஒண்ணுமே இல்லீங்க.”

இப்படியே இரண்டு வருஷம். எங்கள் வீட்டில் தெலுங்கு பேசுவோம். சாம்பாரில் உப்புக் குறைந்தால் நாலு பேரும் ஒரே நேரத்தில் சொல்லுவோம், சமைத்தவரும் சேர்ந்து சொல்லுவார். அப்படி வளர்ந்த நான், யாரும் குறை சொல்லவில்லை என்றால் குறையில்லை என்றுதான் அர்த்தம் என்று நம்பினேன். கோயமுத்தூரிலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு இது தெரியாமல் போனதை இப்போதும் மன்னிக்க முடியவில்லை. இந்த ஊரில் கடிக்க வந்த நாயைக்கூட ‘போங்க’ என்றுதான் விரட்டுவார்கள். எழுதியவளே எதிரில் நின்று எப்படி இருக்கிறது என்று கேட்டால் வேறென்ன சொல்வார்கள்?

ஒரு சனிக்கிழமை மத்தியானம், எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு, வேறு எதையோ தேடிப் புரோகிராமைப் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு வரி கண்ணில் பட்டது. முதன்முதலில் கருவியை இணைத்தபோது, கம்ப்யூட்டரைப் போட்டதும் வருகிற முதல் அளவு எப்போதும் தப்பாக வரும். அதனால் முதல் அளவைத் திரையில் மட்டும் காட்டிவிட்டு, டிஸ்க்கில் எழுதாமல் தூக்கிப் போடச் சொல்லி ஒரு வரி எழுதியிருந்தேன். பிறகு நல்ல கம்பி போட்டாயிற்று, அளவும் ஒழுங்காக வரத் தொடங்கிவிட்டது. அந்த வரியை எடுக்க மட்டும் மறந்துவிட்டேன். ஆக, இரண்டு வருஷமாக, கம்ப்யூட்டரை ஒவ்வொரு முறை போடும்போதும் ஒரு நல்ல அளவை என் புரோகிராம் சத்தமில்லாமல் விழுங்கிக்கொண்டிருந்தது.

வரியை அழித்தேன். ஐம்பதில் ஒன்று குறைந்ததால் சராசரிக்குப் பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது என்று கணக்குப் போட்டும் பார்த்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. கேட்டால் சொல்லலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால், வெட்கமாக இருந்தது.

எட்டு மாதம் போயிற்று. மாணவியின் ஆய்வேடு கிட்டத்தட்ட முடிந்திருந்தது. புது ரகம் தாய் ரகத்தைவிடத் தெளிவாகவே வலுவாக இருந்தது. பார்க்கிறவர்களிடமெல்லாம் தலைவர் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். மாணவிக்கு ஏற்கெனவே இரண்டு முறை கால நீட்டிப்பு கொடுத்திருந்தார்கள், இனி கிடையாது. அந்த மாதக் கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்தாகி, ஐந்து வருஷப் படிப்பும் அத்தோடு முடிந்துவிடும். இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. கடைசியாக ஒரே ஒரு மாதிரியை அளக்க வேண்டும் என்று அவள் கருவி முன்னால் உட்கார்ந்திருந்தாள். அக்கா சட்டங்களை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் சும்மா பார்க்கப் போனேன்.

நாலாவது இழையில் மின்சாரம் போயிற்று. பக்கத்து நூற்பாலையில் ஜெனரேட்டர் உறுமத் தொடங்கியது. எங்களிடம் ஜெனரேட்டர் இல்லாததால் மூவரும் ஊர்க்கதை பேசினோம். கால் மணி நேரத்தில் மின்சாரம் வந்தது. கம்ப்யூட்டர் உயிர் பெற்றது. மாணவி அக்காவைப் பார்த்தாள். அக்கா என்னைப் பார்த்தார்.

“மேடம், நீங்க போயி ஒரு காப்பி குடிச்சுட்டு வாங்களேன்” என்றார் அக்கா.

“வேண்டாங்க அக்கா, இப்பத்தான் குடிச்சேன்.”

“வெயிலாட்டம் இருக்குதுங்க. மோராச்சும் குடிச்சுப்போட்டு வாங்க.”

எனக்கு இப்படி யாராவது விரட்டினால் அந்த இடத்தை விட்டு நகரவே தோன்றாது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். வேறு வழியில்லாமல் மாணவி மேசைக்கடியிலிருந்து ஒரு பழைய பிஸ்கட் டப்பாவை எடுத்தாள். அந்த டப்பாவை நான் அங்கே எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பிஸ்கட் இருக்கிறது என்றே நினைத்திருந்தேன். உள்ளே இழை ஒட்டிய சட்டங்கள் இருந்தன. ஆனால் வரைபடத் தாளில் வெட்டியவை அல்ல, தினசரி காலண்டரில் கிழித்த தாளில் வெட்டியவை. ஒரு சட்டத்தில் ராகுகாலம் பாதி தெரிந்தது.

“என்னம்மா அது?”

“ஒண்ணுமில்லீங்க மேடம்.”

“ஒண்ணுமில்லாததையா கருவில மாட்டறே?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அக்காதான் வாயைத் திறந்தார். “அது வந்துங்க மேடம், தப்பா நெனச்சுக்கக் கூடாது. அது படையலுங்க.”

“படையலா?”

“கம்ப்யூட்டருக்குங்க. போட்டதீமு மொத இழைய அது எடுத்துக்குதுங்க. கணக்குல வாரதில்லீங்க. அம்பது மாட்டுனா நாப்பத்தொம்பதுதான் வருது. நல்ல பஞ்ச எதுக்குங்க வீணாக்கோணும், கண்ணு நோக இடுக்கியில புடிச்சு எடுக்கறது. அதான் என்ற சேலை முந்தாணில நாலு இழையப் பிச்சு, ஒட்டி வெச்சுக்கறது. மொதல்ல அதக் குடுத்துட்டா அப்பறம் ஒழுங்கா ஓடுதுங்க.”

“எப்ப இருந்து?”

“மொத மாசத்துல இருந்தேங்க.”

“ஏன் எங்கிட்டச் சொல்லலே?”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாணவி மெதுவாகச் சொன்னாள்: “எட்டு மாசம் கஷ்டப்பட்டு எழுதியிருக்கறீங்க மேடம். வந்து வந்து கேக்கறீங்க. அந்த ஒரு இழைக்காவ உங்க மனசு நோகறாப்பல எப்படீங்க சொல்றது?”

“கோவிச்சுக்குவீங்கன்னு இல்லீங்க” என்று அக்கா அவசரமாகச் சேர்த்துக்கொண்டார். அதில் இருந்தே, கோவித்துக்கொள்வேன் என்றுதான் பயந்திருக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்தது.

ஒரு நிமிஷம் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அடுத்த நிமிஷம்தான் உறைத்தது. அந்த வரியை நான் அழித்து எட்டு மாதம் ஆகிறது. எட்டு மாதமாகப் புரோகிராம் எதையும் விழுங்கவில்லை, கொடுத்ததையெல்லாம் பத்திரமாக எழுதி வைத்திருக்கிறது. படையல் உட்பட. தாய் ரகத்தை அளந்தது அதற்கு முன்னால். புது ரகத்தை அளந்தது முழுக்க அதற்குப் பின்னால். நெகமம் சேலைக்குப் போடுவது நல்ல நீளமான, வலுவான பஞ்சு. புது ரகத்தின் ஒவ்வொரு மாதிரியிலும் இரண்டோ மூன்றோ சேலை இழைகள் கலந்து கிடக்கின்றன. ஆய்வேட்டில் ஓர் அத்தியாயம் முழுக்க நாங்கள் கொண்டாடிய அந்தக் கூடுதல் வலு பருத்தியுடையதா, அக்காவின் சேலையுடையதா என்று எனக்குத் தெரியவில்லை.

இருவரிடமும் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று சரியாக நினைவில்லை. குரல் உயர்ந்தது மட்டும் நினைவிருக்கிறது. இப்படியா மறைப்பீர்கள், இது விஞ்ஞானமா விருந்தா என்றெல்லாம் கத்தினேன். கத்தி முடித்ததும் அக்கா மிகவும் பணிவாகக் கேட்டார்.

“சரி பண்ணுனத நீங்களும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே மேடம்.”

நியாயம் முழுவதும் அவர் பக்கம் இருந்தது.

“அம்பது வந்துட்டிருந்தது அம்பத்திரண்டாச்சு, அம்பத்திமூணாச்சு. அதையாவது கவனிச்சீங்களா?” என்று மாணவியைக் கேட்டேன்.

“கவனிச்சனுங்க. கொறஞ்சா கேக்கலாங்க. கூட வந்தா எப்படீங்க கேக்கறது?” என்றாள். அவள் முகம் வெளுத்துப் போயிருந்தது. மீதிப் பஞ்சு இருந்தால் மறுபடி அளக்கலாம். ஆனால் மிச்சமிருந்ததை நூற்புச் சோதனைக்கு அனுப்பி, அது நூலாகவே ஆகிவிட்டது. வயலில் அடுத்த காய் வெடிக்க மாதக்கணக்காகும். “மூணாவது தடவ நீட்டிப்புக் கேக்க முடியாதுங்க மேடம். ஊட்டுலயும் இனிச் சொல்லிக்க முடியாது” என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

சேலை இழை எது, பருத்தி இழை எது என்று அளவை வைத்துப் பிரிக்க முடியாது. இரண்டும் பஞ்சுதான், அளவுகள் ஒன்றோடொன்று கலந்துதான் கிடக்கும். பெரிய எண்களையெல்லாம் சேலை என்று வைத்துக்கொண்டு தூக்கிப் போட்டால் அது மோசடி. எது எது கம்ப்யூட்டரைப் போட்டதும் வந்த முதல் அளவு என்று தெரிந்தால் போதும். அப்போதுதான் என் புரோகிராமின் பெருமை எனக்கு ஞாபகம் வந்தது. ஒவ்வோர் அளவுக்கும் பக்கத்தில் தேதியும் நேரமும் இருக்கிறதே. துள்ளி எழுந்து போய் முதல் கோப்பை அச்சடித்தேன். பிரிண்டர் கிறீச் கிறீச்சென்று தாளைத் துப்பியது. எடுத்துப் பார்த்தேன்.

எல்லா அளவுகளும் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது ஜனவரி முதல் தேதி, செவ்வாய்க்கிழமை எடுக்கப்பட்டிருந்தன.

அடுத்த கோப்பும் அதே செவ்வாய்க்கிழமை. அதற்கடுத்ததும். தேதி கேட்கும்போது ஒன்றும் தட்டாமல் விட்டால் அந்தக் கம்ப்யூட்டர் தானாக எடுத்துக்கொள்ளும் தேதி அது.

“தேதி எப்படித் தட்டணும்னு எழுதி ஒட்டியிருக்கேனே, படிக்கலயா?” என்றேன். கத்தாமல் கேட்க முயன்றேன்.

“படிச்சமுங்க. மே மாசம் இருவத்திமூணுன்னா 23-5ன்னு அடிக்கச் சொல்லியிருந்தீங்க. அப்படி அடிச்சா தேதி தப்புன்னு சொல்லுதுங்க மேடம். ரெண்டு மூணு தடவ பாத்தோம். அப்பறம் வெறுமனே என்டர் தட்டுனா உட்டுருதுன்னு கண்டுபுடிச்சோம்” என்றார் அக்கா.

அந்தக் கம்ப்யூட்டருக்கு மாதத்தை முதலில் தட்ட வேண்டும், தேதியைப் பிறகு. நான் மாற்றி எழுதி ஒட்டியிருக்கிறேன். இரண்டரை வருஷமாக அந்தத் தாள் திரைக்கு மேலே, என் கையெழுத்தில், தப்பாகவே இருந்திருக்கிறது. அதையும் யாரும் சொல்லவில்லை. நான் அந்தத் தாளைப் பிய்த்துக் கசக்கிக் கூடையில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். ஒரு நல்ல பெண்ணின் ஐந்து வருஷத்தை ஒற்றை வரியால் கெடுத்துவிட்டேன் என்ற நினைப்பில் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை நான் போனபோது மாணவி எனக்கு முன்பே வந்து மேசையில் அந்த அச்சுத் தாள்களைப் பரப்பி வைத்திருந்தாள். சிவப்புப் பென்சிலால் அங்கங்கே வட்டம் போட்டிருந்தது.

“மேடம், ஒண்ணு சொல்லுட்டுங்களா? தப்பா இருந்தா உட்டுருங்க.”

“சொல்லும்மா.”

“எல்லா நாளும் செவ்வாய்க்கெழமதானுங்க. ஆனா ஒவ்வொரு செவ்வாய்க்கெழமையும் நடுராத்திரி பன்னெண்டு மணிக்குத்தான் ஆரம்பிக்குது.”

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. அவள் விரலை வைத்துக் காட்டினாள். நேரம் ஒரு மணி, ஒன்றரை, இரண்டு என்று ஏறிக்கொண்டே வருகிறது. திடீரென்று நள்ளிரவு பன்னிரண்டு ஏழுக்கு விழுகிறது. மறுபடி ஏறுகிறது. மறுபடி விழுகிறது. கடிகாரமில்லாத கம்ப்யூட்டர். ஒவ்வொரு முறை போடும்போதும் அதே செவ்வாய்க்கிழமை நள்ளிரவிலிருந்துதான் அது புதிதாக எண்ணத் தொடங்குகிறது. நேரம் பின்னால் விழுந்த இடமெல்லாம் கம்ப்யூட்டரைப் போட்ட இடம். அதற்கடுத்த முதல் அளவு சேலை. தேதியை ஒழுங்காகத் தட்டியிருந்தால், மின்சாரம் போன இடம் எது, அவர்கள் காப்பி குடிக்கப் போன இடம் எது என்று பிரித்தே இருக்க முடியாது.

இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கியவள் நான். அன்று காலை எனக்கு அது தோன்றவில்லை, அவளுக்குத் தோன்றியது. அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அக்கா டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார், என்னவோ ஏதோ என்று.

நம்பினால் மட்டும் போதாது, சரிபார்க்க வேண்டும். அதற்கும் வழி இருந்தது. அறுந்த இழைகளின் சட்டங்களை மாதிரிவாரியாக உறைகளில் போட்டு வைப்பது எங்கள் வழக்கம். காலண்டர் தாளில் வெட்டிய சட்டமெல்லாம் சேலை. மூவரும் உட்கார்ந்து உறை உறையாகப் பிரித்தோம். உறையில் மூன்று காலண்டர் சட்டம் இருந்தால் கோப்பில் மூன்று முறை நேரம் விழுந்திருக்க வேண்டும். விழுந்திருந்தது. ஒவ்வோர் உறையும் ஒத்துப்போகப் போக, அக்கா ஏலம் விடுகிறவர் மாதிரிக் குரலெடுத்து எண்ணத் தொடங்கிவிட்டார். ஒரே ஓர் உறை மட்டும் ஒத்துவரவில்லை. சட்டம் இரண்டு, நேரம் விழுந்தது ஒரு முறை. நான் மறுபடி கலங்கினேன். அக்கா யோசித்துவிட்டுச் சொன்னார்: “அன்னிக்குப் படையல் போடறப்பவே கரன்ட் போயிருச்சுங்க. பாதி இழுத்துட்டு நின்னுபோச்சு. அதான் வந்ததீமு இன்னொண்ணு போட்டோம்.” முதல் படையல் டிஸ்க்கில் ஏறவே இல்லை. கணக்குச் சரி.

ஞாயிற்றுக்கிழமை காலை சேலை அளவுகளையெல்லாம் நீக்கிவிட்டுப் புதிதாகச் சராசரி போட்டோம். மாணவி திரையைப் பார்க்க மாட்டேன் என்று ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். எண்கள் வந்தன. புது ரகத்தின் கூடுதல் வலு கிட்டத்தட்டப் பாதியாகச் சுருங்கியிருந்தது. ஆனால் போய்விடவில்லை. இழைக்கு இழை இருக்கும் ஏற்ற இறக்கத்தைக் கழித்த பிறகும் நின்றது. நான் மூன்று முறை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அவளைக் கூப்பிட்டேன்.

“பாதி உன்னுது. பாதி அக்காவோட சேலையுது” என்றேன்.

“பாதி போதுமுங்க மேடம்” என்றாள். அப்போதுதான் அழுதாள்.

திங்கட்கிழமை மூவரும் தலைவரின் அறைக்குப் போய் நின்றோம். அவர் முழுவதையும் கேட்டார். ஊரெல்லாம் சொல்லி வைத்த பெரிய வித்தியாசம் பாதியாகிவிட்டதே என்று வருந்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அக்காவின் சேலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “அந்தச் சேலைப் பஞ்சு எங்க வெளையுதுன்னு விசாரிச்சுப்போடுங்க அம்மணி, அடுத்த ஆராய்ச்சிக்கு ஆகும்” என்றார். பிறகு மாணவியிடம், “நடந்தத நடந்தபடி எழுதிப்போடுங்க. ஒண்ணும் மறைக்க வேண்டாம்” என்றார்.

எழுதுவதில்தான் பெரிய சண்டை. ஆய்வேட்டின் பின்னிணைப்பாக இதை விளக்க வேண்டும். அவள் ஆங்கிலத்தில் எழுதிக் கொண்டுவந்த முதல் வரைவைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: ‘மிகச் சிறப்பான இந்த மென்பொருளின் அரிதான ஒரு சிறு இயல்பின் காரணமாக, ஆய்வாளரின் கவனக்குறைவால்.’ நான் அடித்துவிட்டு, மென்பொருளில் பிழை இருந்தது என்று எழுதினேன். இரண்டாம் வரைவில் அது ‘பிழை என்று கருதத்தக்க ஒன்று’ ஆகித் திரும்பி வந்தது. அதையும் அடித்தேன். மூன்றாவது முறை அவள் எதிரிலேயே பேனாவைக் கொடுத்து எழுத வைத்தேன். எழுதிவிட்டு, பல் பிடுங்கிக்கொண்டவளைப் போல உட்கார்ந்திருந்தாள். கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது ஆய்வேடு போய்ச் சேர்ந்தது.

அத்தோடு நான் நிற்கவில்லை. கருவிக்குப் பக்கத்தில் ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிட்டு, புரோகிராமில் உள்ள குறைகளை எழுதவும் என்று போட்டேன். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் ஒரே ஒரு பதிவு இருந்தது: ‘மிகவும் அருமை.’ எனக்கு வந்த கோபத்தில் விதியை மாற்றினேன். சனிக்கிழமை ஆளுக்கொரு குறையாவது எழுதாமல் யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது, எழுதாமல் போனால் அது எனக்குச் செய்கிற அவமரியாதை. மரியாதை என்ற சொல் வந்ததும் வேலை நடந்தது. முதல் சனிக்கிழமையே ஒன்பது குறைகள். ஒவ்வொன்றின் முடிவிலும் ‘இருந்தாலும் பரவாயில்லைங்க’ என்று இருந்தது. நான் ஒவ்வொன்றையும் சரி செய்து, என்ன செய்தேன் என்று கீழே எழுதிக் கையெழுத்தும் போட்டேன். பின்னாளில் எத்தனையோ ஆய்வகங்களுக்குப் புரோகிராம்களும் சர்வர்களும் கட்டிக் கொடுத்தேன். எங்கே போனாலும் முதலில் அந்த நோட்டைத்தான் கட்டித் தொங்கவிட்டேன்.

ஐந்து மாதம் கழித்து மாணவிக்கு வாய்மொழித் தேர்வு. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். நானும் அக்காவும் மூன்றாவது வரிசையில் இருந்தோம். அக்கா அன்றைக்கும் நெகமம்தான். மதுரைப் பக்கத்திலிருந்து வந்திருந்த தேர்வாளர் கொஞ்சம் கறாரானவர். ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டே வந்தவர், பின்னிணைப்பைத் திறந்து வைத்துக்கொண்டு தமிழுக்கு மாறினார்.

“இந்த அளவுகளை எல்லாம் நீக்கியிருக்கீங்க. பிடிக்காத எண்ணை நீக்கினீங்களா, தப்பான எண்ணை நீக்கினீங்களா? இதுக்கு நேராப் பதில் வந்தாத்தான் நான் கையெழுத்துப் போட முடியும்.”

அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். அன்றைக்கு மின்சாரம் வந்ததும் அக்காவைப் பார்த்த அதே பார்வை. சுற்றி வளைத்துச் சொல்லப் போகிறாள், மென்பொருளின் சிறு இயல்பு என்று ஆரம்பிக்கப் போகிறாள், கெட்டது காரியம் என்று நினைத்தேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தப்பான எண்ணுங்க சார். புரோகிராம்ல தப்பு இருந்துச்சு. அது தெரிஞ்சும் நான் சொல்லாம உட்டது அதவிடப் பெரிய தப்பு. எந்த எண்ணு, ஏன்னு ஒவ்வொண்ணுக்கும் சட்டத்தோட கணக்கு வெச்சிருக்கறேன்” என்றாள். பிறகு ஒரு மூச்சு விட்டு, “எழுதுனவங்க அங்கதான் உக்காந்திருக்கறாங்க. வேணும்னா கேட்டுக்குங்க சார்” என்றாள்.

கூடத்தில் இருந்த அத்தனை தலைகளும் திரும்பின. நான் எழுந்து நின்று, “ஆமாங்க, என்னோட தப்புத்தான்” என்றேன். யாரோ சிரித்தார்கள். தேர்வாளரும் சிரித்துவிட்டுப் பேனாவைத் திறந்தார். அத்தனை பேர் முன்னால் என் புரோகிராமை ஒருத்தி தப்பு என்று சொன்னாள், எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. உட்கார்ந்ததும் அக்கா என் காதோரம் குனிந்தார்.

“மேடம், அந்தப் பிரிண்டரும் ஒரு மாசமா கடைசி வரிய முழுங்குதுங்க” என்றார்.